இடது பக்கம் நாலு மில்லி

எங்கள் சந்தில் ஒரே தகரக் கூரையின் கீழ் மூன்று கடைகள். முதலாவது டிசைன் கடை, அடுத்தது ஃபிரேம் கடை, கடைசியில் இருப்பது என்னுடைய பைண்டிங் கடை. முதல் இரண்டும் ஒரு புருஷன் பெண்டாட்டியுடையவை. அவள் கம்ப்யூட்டரில் படத்தையும் எழுத்தையும் அடுக்குவாள். அவர் அதைக் கண்ணாடி போட்டுச் சட்டத்தில் அடைப்பார். ஆல்பமாகவோ புத்தகமாகவோ ஆக வேண்டியது என்றால் என்னிடம் வரும். கடைகளுக்கு நடுவே வெறும் பலகைத் தடுப்பு, மாடியில் அவர்கள் வீடு. அங்கே ஒருவர் பெருமூச்சு விட்டால் இங்கே எனக்குக் கேட்கும். பதினெட்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதனால் இதைச் சொல்ல எனக்கு வாய் இருக்கிறது; வெட்கமும் இருக்கிறது.

அந்த அக்காவைச் சந்தில் எல்லோரும் ரசமட்டம் என்பார்கள். கொத்தனார்கள் சுவர்மேல் வைத்துப் பார்ப்பார்களே, உள்ளே குமிழி ஓடுமே, அந்தக் கருவிதான். பேர் வைத்தவரும் ஒரு மேஸ்திரிதான். எதிர்ச் சுவர் எழும்பிக்கொண்டிருந்தபோது அக்கா டீ டம்ளரோடு வாசலில் நின்று, "மேஸ்திரி, மூணாவது வரிசையிலேர்ந்து சாயுதே" என்றாள். அவர் சிரித்தார். பிறகு கருவியை வைத்துப் பார்த்தார், சிரிப்பை நிறுத்தினார், நான்கு வரிசையைப் பிரித்தார். யார் வீட்டுக்குப் போனாலும் சுவரில் தொங்கும் படத்தை நேராக்கிவிட்டுத்தான் அக்கா உட்காருவாள். அவளைச் சீண்டுவதற்காகவே என் கடைக் காலண்டரைத் தினமும் கொஞ்சம் சாய்த்து வைப்பேன். அவள் வந்து நேராக்குவாள். இதைப் பற்றி நாங்கள் இருவரும் ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை.

அவள் வேலை செய்வதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். அகலத்தில் பாதி, உயரத்தில் பாதி என்று திரையின் ஓரத்து அளவுகோலிலிருந்து இரண்டு நீலக் கோடுகளை இழுத்து விடுவாள். எழுத்தைப் பிடித்து, நடுவில் வை என்று கம்ப்யூட்டருக்குக் கட்டளை கொடுப்பாள். எழுத்து டக்கென்று கோட்டில் போய் உட்கார்ந்துகொள்ளும். மற்ற கடைகளில் வேலை அத்தோடு முடிந்தது. அக்காவுக்கு அங்கேதான் தொடங்கும். கோடுகளை மறைப்பாள், நாற்காலியைப் பின்னால் தள்ளுவாள், கண்ணைப் பாதி மூடிப் பார்ப்பாள். பிறகு அம்புக்குறிப் பட்டனில் வலது பக்கம் இரண்டு தட்டு, மேலே ஒரு தட்டு.

"அதான் கம்ப்யூட்டரே நடுவுல வச்சிருச்சேக்கா, அப்புறம் என்ன நோண்டிக்கிட்டு?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அது பெட்டியை நடுவுல வைக்கும். நான் ஆளை நடுவுல வைப்பேன்" என்றாள்.

சொன்னதோடு விடாமல் காட்டவும் செய்தாள். குடை பிடித்து நிற்கும் ஒருவரின் படம். கம்ப்யூட்டர் குடையின் நுனியையும் சேர்த்து அளந்துதான் நடுவைக் கண்டுபிடிக்கிறது. ஆள் ஓரமாக ஒதுங்கிப்போகிறார். எழுத்துக்கு வலது பக்கம் விழுவதுபோல் நிழல் கொடுத்தால் நிழலையும் எழுத்தோடு சேர்த்து எண்ணிக்கொள்கிறது. எழுத்து இடது பக்கம் நகர்ந்துவிடுகிறது. அதைச் சரிக்கட்டத்தான் வலது பக்கம் இரண்டு தட்டு. தள்ளி நின்று பார்த்தால் அவள் வைத்ததுதான் நடு என்று சின்னப் பிள்ளைகூட ஒப்புக்கொள்ளும். கம்ப்யூட்டர் ஒன்று சொல்லி அக்காவின் கண் வேறொன்று சொன்னால் கண்தான் சரி என்று நாங்கள் எல்லோரும் பழகிப்போனோம். அந்தப் பழக்கம்தான் எங்களைக் கவிழ்த்தது.

மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் அண்ணன், அதாவது அக்காவின் புருஷன், என் கடைக்கு வந்தார். மழைக்காலத்தில் காகிதம் ஈரம் குடித்து ஓரம் சுருளும். நான் ஒரு கட்டின்மேல் செங்கல் அடுக்கிக்கொண்டிருந்தேன். அவர் கையில் ஒரு கல்யாண ஆல்பத்தின் அட்டையும் உள்தாள்களும் இருந்தன. என் கத்தியின் கைப்பிடியைத் தடவிக்கொண்டே நின்றார்.

"இடது பக்கம் ஒரு நாலு மில்லி சேத்து எடுத்துடு" என்றார்.

"எதுக்கு? அக்காதான் வெட்டுற இடத்துல குறி போட்டிருக்காளே."

"எடும்மா. அவகிட்ட சொல்லாத."

அட்டையைப் பார்த்தேன். பெண், மாப்பிள்ளை இருவர் பெயரும் ஒரே வரியில். அந்த வரி வலது பக்கம் கொஞ்சம் விலகி நின்றது.

"அண்ணே, இது அக்கா பண்ணினதா?"

"கண்ணாடி பவர் ஏறியிருக்கும். நாப்பத்தெட்டு ஆகுதில்ல."

"அப்போ மாத்தச் சொல்லுங்க."

"நீதான் சொல்லிப் பாரேன்." அவர் சிரித்தார். "இருபத்திரண்டு வருஷத்துல ஒரே ஒரு தடவை சொன்னேன், இது கோணலா இருக்குன்னு. சட்டத்தைக் கழட்டி அளந்து காட்டினா. என் சட்டம்தான் கோணல். அன்னிக்கே அந்த வேலை எனக்கு வேண்டாம்னு விட்டுட்டேன். கண்ணாடி மாத்துறதுக்கு நான் வேற வழி பாத்துக்கிறேன். அதுவரைக்கும் அவ பேர் கெடக் கூடாது. அவ்வளவுதான்."

எனக்கு அது அன்பாகத்தான் பட்டது. கத்தியை இறக்கினேன். இடது ஓரம் மெல்லிய நாடாவாகக் கழன்று விழுந்தது, பெயர்கள் இரண்டும் நடுவுக்கு வந்துவிட்டன. அந்தப் பெண்ணின் அம்மா ஆல்பத்தை வாங்க வந்தபோது அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் பாராட்டினார். நானும் அண்ணனும் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தோம், ஏதோ நாங்கள்தான் சாதித்ததுபோல.

பிறகு அது வழக்கமாகிவிட்டது. வெட்டிச் சரிசெய்ய முடிந்ததை நான் வெட்டினேன். சட்டத்துக்குள் போவதை அவர் பார்த்துக்கொண்டார். படத்தைச் சுற்றி வைக்கிற அட்டையின் ஜன்னலைக் கொஞ்சம் தள்ளி வெட்டினால் யாருக்குத் தெரியப்போகிறது? நாலு ஐந்தாயிற்று, ஐந்து ஆறாயிற்று. புதுக் கண்ணாடியும் வாங்கிக் கொடுத்தார். அப்போதும் மில்லி குறையவில்லை. முடிந்த வேலையை அக்கா கையில் எடுத்துப் பார்த்தால் சில சமயம் புருவம் சுருங்கும்.

"என்னமோ இடிக்குதுங்க. இடது பக்கமா ஒட்டிக்கிட்டு நிக்கிற மாதிரி இல்ல?"

"மழைக்குக் காகிதம் சுருண்டிருக்கு. வேற ஒண்ணுமில்ல" என்பார் அண்ணன். அவள் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வைத்துவிடுவாள்.

மத்தியானச் சாப்பாடு மூன்று பேருக்கும் ஃபிரேம் கடையில்தான். கண்ணாடித் தூள் படாத ஒரு மூலையில் பலகை போட்டு உட்காருவோம். ஒருநாள் சோறு, கீரை, முட்டை. அக்கா தட்டில் வலது பாதியைச் சுத்தமாகச் சாப்பிட்டுவிட்டு, "இன்னிக்கு முட்டை எனக்கு இல்லையா?" என்றாள். முட்டை அவள் தட்டில்தான் இருந்தது, இடது பக்கம், சோற்றின்மேல். அண்ணன் தட்டைப் பிடித்து அரைவட்டம் திருப்பி வைத்தார்.

"இந்தா இருக்கு."

"இப்பதானே வச்சீங்க, திருட்டுத்தனமா" என்று அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். தலைமுடியில் இடது பக்கத்தை அவள் வாராமல் வந்தபோதும் ஏதோ அவசரம் என்று நினைத்தேன். என் கடைக்குள் நுழைந்தால் காலண்டர் இடது சுவரில் இருக்கும். அது வாரக்கணக்கில் சாய்ந்தே தொங்கியது. என்மேல் ஏதோ வருத்தம் போலிருக்கிறது என்று நானும் முறைத்துக்கொண்டு திரிந்தேன். இந்த லட்சணத்தில் எனக்குச் சந்தில் கெட்டிக்காரி என்று பேர்.

எட்டு மாதம் போய் அடுத்த மழை தொடங்கியபோது, வெட்ட முடியாத வேலை ஒன்று வந்தது. பள்ளிக்கூடத்துச் சான்றிதழ்கள். சுற்றிலும் தங்க நிறக் கரை அச்சடித்த கெட்டித் தாள்களைப் பள்ளிக்கூட கிளார்க் கொண்டுவந்து கொடுத்தார். கரைக்கு நடுவே பிள்ளைகளின் பெயர்களை அச்சடிக்க வேண்டும். அன்றைக்குப் பார்த்து அண்ணன் சட்டங்களுக்குக் கண்ணாடி எடுத்து வர வெளியே போயிருந்தார். அக்கா வேலையை முடித்து, அவளே கட்டி, அவளே கொடுத்தனுப்பிவிட்டாள்.

மறுநாள் கிளார்க் கட்டோடு திரும்பி வந்தார். நல்ல மனுஷன். வாசலில் குடையை மடக்கிக்கொண்டே, "மேடம், பிள்ளைங்கதான் வரிசையில நிக்க மாட்டாங்கன்னு பாத்தா, பேருகூட ஓடிப்போய் ஓரத்துல நிக்குது" என்றார். குரல் கேட்டு நானும் அண்ணனும் போனோம்.

அக்கா ஒரு தாளை எடுத்துப் பார்த்தாள். "எங்க சார்? நடுவுலதானே இருக்கு?"

கிளார்க் எங்களைப் பார்த்தார். கண் இருக்கிற யாருக்கும் தெரியும், பெயரின் கடைசி எழுத்து வலது கரையை உரசிக்கொண்டிருந்தது.

"கொஞ்சம் நல்லாப் பாருங்க மேடம்."

"சார், இந்தக் கண்ணை வச்சுத்தான் இருபது வருஷமா தொழில் பண்றேன். சந்தேகம்னா மடிச்சுப் பாத்துடலாம்." அவள் தாளைச் சரிபாதியாக, ஓரத்தோடு ஓரம் பொருத்தி மடித்தாள். நகத்தால் அழுத்தித் தேய்த்தாள். பிரித்தாள். மடிப்பு பெயரின் நடுவில் விழவில்லை. இடப்பக்கம் தள்ளி, இரண்டாவது எழுத்தின்மேல் விழுந்திருந்தது.

அவள் மறுபடி மடித்தாள். வேறொரு தாளை எடுத்து மடித்தாள். மூன்றாவதையும் மடித்தாள். பிறகு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அந்த ஃபைலைத் திறந்து, நடுவில் வை என்று கட்டளை கொடுத்தாள். பெயர் ஒரு தாவலாக இடது பக்கம் போய் நின்றது. மாற்றினாள், பழைய இடத்துக்கு வந்தது. மறுபடி கொடுத்தாள், தாவியது.

"இப்பதான் இடது பக்கம் ஒட்டிக்கிட்டு நிக்குது" என்றாள்.

"இல்ல மேடம்" என்றார் கிளார்க் மெதுவாக. "இப்பதான் நடுவுல இருக்கு."

அக்கா என்னைப் பார்த்துத் திரும்பினாள். "நீ சொல்லு."

அண்ணன் என்னைப் பார்த்த பார்வையை நான் பார்க்காததுபோல் இருந்துகொண்டேன். "இப்போ நடுவுல இருக்குக்கா" என்றேன். அவள் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிளார்க்தான், அவசரமில்லை, வேறு தாள் தருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கண் டாக்டர் கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லி நரம்பு டாக்டரிடம் அனுப்பினார். துணைக்கு என்னையும் கூப்பிட்டார்கள். அந்த டாக்டர் வயதில் சின்னவர், நிதானமான பேச்சு. வெள்ளைத் தாளில் நீளமாக ஒரு கோடு போட்டு, "இதுல சரியா நடுவுல ஒரு குறி போடுங்கம்மா" என்றார்.

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "டாக்டர், என் பொழப்பே இதுதான்."

கண்ணைப் பாதி மூடிப் பார்த்து, உறுதியாகக் குறியைப் போட்டாள். குறிக்கு இடது பக்கம் ஒரு சாண் இருந்தது, வலது பக்கம் நாலு விரல். டாக்டர் தாளை எடுத்து வைத்துக்கொண்டு ஸ்கேனுக்கு எழுதினார்.

ஸ்கேனில் தெரிந்தது. தலைக்குள் வலது பக்கம் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டி. "கண்ணு பாக்குது. ஆனா இடது பக்கம்னு ஒண்ணு இருக்குங்கறதே மூளைக்கு மறந்து போகுது. அதனால இருக்குற வலது பக்கத்துக்குள்ளயே நடுவைத் தேடுறீங்க" என்று டாக்டர் விளக்கினார். பிறகு கேட்டார்: "எப்போலேர்ந்து இப்படி?"

"போன வாரம் வரைக்கும் ஒரு குறையும் இல்ல டாக்டர்" என்றாள் அக்கா. "டெலிவரி ஆன ஒண்ணுகூடத் திரும்பி வந்ததில்ல."

டாக்டர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தரையைப் பார்த்தார். "ஒரு... ரெண்டு மாசமா இருக்கும்."

"ரெண்டு மாசத்துல இந்த அளவுன்னா வேகமா வளர்ற வகையா இருக்கலாம். அதுக்கு நான் போற வழியே வேற, அது சுலபமானதும் இல்ல. மெதுவா வளர்ந்ததுன்னா முழுசா எடுத்துடலாம், பெரும்பாலும் திரும்பி வராது. பழைய ஸ்கேன் எதுவும் இல்லாததால கேக்குறேன். நல்லா யோசிச்சு நாளை மறுநாள் வந்து சொல்லுங்க. எனக்கு அது ரொம்ப முக்கியம்."

எட்டு மாதம் என்று எனக்குத் தெரியும். என் வாய் திறக்கவில்லை. திறந்தால் என் கத்தியும் சேர்ந்து வெளியே வரும்.

மறுநாள் காலை அவள் கடையைத் திறந்து, அண்ணனுக்குப் புரியும்படி ஒவ்வொரு வாடிக்கையாளரின் வேலையும் எங்கே இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தாள். எதற்கு என்று நான் கேட்டேன். "வேகமா வளர்றதுன்னா என்னன்னு எனக்குத் தெரியாதா? அவருக்குக் கம்ப்யூட்டரை அணைக்கக்கூடத் தெரியாது. நான் இல்லைன்னா திணறுவாரு" என்றாள். எழுத்து நோட்டின் வலது பாதியில் மட்டும் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தது. நேராக ஃபிரேம் கடைக்குப் போனேன்.

"அண்ணே, எட்டு மாசம்னு சொல்லுங்க."

அவர் கண்ணாடியில் கோடு கிழித்துக்கொண்டிருந்தார். "டாக்டர்கிட்ட தனியா சொல்லிக்கிறேன்."

"அங்க அக்கா சாகப் போறேன்னு நினைச்சு நோட்டு எழுதிக்கிட்டிருக்கா. இன்னும் ஒரு நாள் அப்படியே இருக்கணுமா?"

"எட்டு மாசமா தெரிஞ்சும் ஏன் சொல்லலைன்னு கேப்பாளே."

"கேக்கட்டும். நாலு அறை விடட்டும். நானும் வாங்கிக்கிறேன்."

"அவ அறைய மாட்டா" என்றார் அவர். "அதான் பயமா இருக்கு." கண்ணாடி கோட்டை விட்டு விலகி உடைந்தது.

அப்போது தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. "ரெண்டு பேரும் இங்க வாங்க." எங்கள் பேச்சு அவள் காதில் விழுந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அவள் கம்ப்யூட்டரில் பழைய வேலைகளைத் தேதிவாரியாகத் திறந்து வைத்திருந்தாள். "டாக்டர் எப்போலேர்ந்துன்னு கேட்டாரில்ல? என் தலைக்குள்ளதான் ஸ்கேன் இல்ல. என் ஃபைல் எல்லாம் இங்கதானே இருக்கு. மாசத்துக்கு ரெண்டா எடுப்போம். நிழல் போட்டது வேண்டாம், கணக்கைக் குழப்பும். ஒரே வரி எழுத்து உள்ளதா எடுக்கிறேன். எழுத்துக்கு இடது பக்கம் விட்ட இடம் வலது பக்கத்தைவிட எத்தனை மில்லி அதிகம்னு மேல ஒரு எண் வரும். அது இடது மூலையில இருக்கும், இப்போ எனக்குப் பிடிபட மாட்டேங்குது. நீங்க வாசிங்க. நீ எழுது."

முதல் ஃபைல் பதினாறு மாதத்துக்கு முந்தையது. அண்ணன் குனிந்து பார்த்தார். "பூஜ்யம்."

அடுத்தது. "பூஜ்யம்." அடுத்தது. "பூஜ்யம்." "அரை." "பூஜ்யம்." "ஒண்ணு." "ஒண்ணரை." மழை தகரத்தின்மேல் பெய்துகொண்டிருந்தது. அக்கா ஒவ்வொன்றாகத் திறக்க, அவர் வாசிக்க, நான் தேதி போட்டு எழுதினேன். "ரெண்டு." "ரெண்டு." "மூணு." அந்தக் கல்யாண ஆல்பத்தின் அட்டை திரையில் வந்தது.

அண்ணன் எண்ணைப் பார்த்தார். "ஒண்ணு" என்றார்.

திரையில் நாலு என்று இருந்தது. நான் பேனாவை வைத்தேன். "அண்ணே, கண்ணாடியைத் துடைச்சிட்டு வாசிங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றினார், சட்டை நுனியில் துடைத்தார், மறுபடி போட்டுக்கொண்டார். "நாலு."

அக்காவின் விரல் பட்டன்மேல் நின்றது. "நாலா? இந்த ஆல்பமா? அந்தம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டு விடவே இல்லையே. நாலு மில்லி வித்தியாசம் இருந்தா அட்டையைப் பாத்தவுடனே தெரிஞ்சிருக்குமே." கொஞ்ச நேரம் யோசித்தாள். ரசமட்டத்துக்கு அதற்கு மேல் தேவைப்படவில்லை. "யாரு வெட்டினது?"

"நான்தான்க்கா."

"யாரு சொல்லி?"

"நான் சொல்லி" என்றார் அண்ணன்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. "மேல வாசிங்க."

அவர் வாசித்தார். ஐந்து. ஐந்து. ஆறு. ஏழு. எட்டு. அந்தக் குரலில் வாசிப்பதை வேறு எங்கும் நான் கேட்டதில்லை, ஒவ்வொரு எண்ணுக்கும் அவருக்கு ஒரு வயது கூடிக்கொண்டே போனது. சான்றிதழில் பதினொன்று. எழுதி முடித்ததும் மொத்தத்தையும் என்னை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டாள் அக்கா.

"மெதுவாத்தான் வந்திருக்கு" என்றாள். நிம்மதியில் அவளுக்கு மூச்சு வாங்கியது, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதைத் துடைக்காமலே அவரிடம் பேசினாள். "மழைக்குச் சுருண்டிருக்குன்னு சொன்னீங்களே, அதை நான் நம்பினேங்க. எனக்குத்தான் பைத்தியம் பிடிக்குதோன்னு மொட்டை மாடில தனியா நின்னு அழுதிருக்கேன். உங்ககிட்ட சொன்னா பயந்துடுவீங்கன்னு சொல்லல."

"உன் பேர் கெட்டுடக் கூடாதுன்னுதான்..."

"பேரைக் காப்பாத்தினீங்க. தலையை விட்டுட்டீங்க." குரல் ஏறவே இல்லை. "ஊரெல்லாம் கோணலைக் கண்டுபிடிச்சுக்கிட்டு திரிஞ்சேன். என் கோணலைச் சொல்றதுக்கு வீட்டுல ஒரு ஆள் இருக்காருன்னு நினைச்சேன்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீயும்தான்."

எழுந்து மாடிக்குப் போனாள். போகும்போது இடது தோள் கதவு நிலையில் இடித்தது. பிடிக்க எங்கள் இருவருக்கும் தைரியம் வரவில்லை.

டாக்டர் அந்தப் பட்டியலை விரல் வைத்து இரண்டு தடவை படித்தார். "யாரும்மா எடுத்தது?" என்று கேட்டார். "நாங்க மூணு பேரும்தான்" என்றாள் அக்கா. அண்ணன் நின்றபடியே, தனக்கு எட்டு மாதமாகத் தெரியும் என்பதையும் முதலில் பொய் சொன்னதையும் சொன்னார். டாக்டர் அதற்குத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அண்ணனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "மெதுவா வளர்ற வகையாத்தான் இருக்கணும். எடுத்துப் பாத்துதான் முழுசா சொல்ல முடியும். ஆனா இன்னும் தள்ளிப் போட முடியாது, அழுத்தம் ஏறியிருக்கு. வெள்ளிக்கிழமை எடுத்துடுவோம்" என்றார்.

வெள்ளிக்கிழமை வரை வீட்டில் பேச்சு வேலை அளவோடு நின்றது. மாத்திரை எங்கே, துண்டு எங்கே, கேட்டைப் பூட்டியாச்சா, அவ்வளவுதான். எனக்கும் அதே கூலிதான் கிடைத்தது. டீ கொண்டுபோனால் வாங்கிக்கொள்வாள், குடிப்பாள், டம்ளரைத் திருப்பிக் கொடுப்பாள்.

ஆஸ்பத்திரியில் காலையிலேயே தலைமுடியை எடுத்துவிட்டார்கள். அக்கா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், அண்ணன் காலடியில் நின்றார். நர்ஸ் ஒப்புதல் படிவத்தை அட்டையில் செருகி அவள் மடியில் வைத்துப் பேனாவைக் கொடுத்தாள். கீழே இரண்டு கோடுகள். இடது பக்கம் நோயாளி, வலது பக்கம் உறவினர்.

அக்கா பேனாவை வலது பக்கக் கோட்டில் வைத்தாள்.

நர்ஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அண்ணனின் கை நீண்டது. அட்டையின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்தார். சத்தமில்லாமல் அதை அப்படியே வலது பக்கம் நகர்த்தினால் பேனாவுக்கு அடியில் சரியான கோடு வந்துவிடும். அவளுக்குத் தெரியவே தெரியாது. நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் விரலை எடுத்துவிட்டார்.

"அங்க இல்ல" என்றார். "அது நான் போடுற இடம். நீ தப்பா வச்சிருக்க. உன் கோடு இடது பக்கம் இருக்கு."

அக்காவின் பேனா தாளை விட்டு எழும்பியது. "எவ்வளவு?"

"போ. இன்னும் போ. இன்னும்." அவள் பேனா காற்றில் நகர்ந்தது. "தாண்டிட்ட. ஒரு விரக்கடை திரும்பி வா. அங்கதான்."

அவள் கையெழுத்துப் போட்டாள். மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக. போட்டு முடித்துக் கண்ணைப் பாதி மூடிப் பார்த்தாள். அதில் தனக்கு ஒன்றும் தெரியாது என்பது நினைவு வந்ததுபோல் கண்ணைத் திறந்து, மூன்று நாளில் முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்தாள்.

"நேரா இருக்கா?"

அண்ணன் குனிந்து பார்த்தார். நர்ஸ் புன்னகைத்தபடி, இருக்கு இருக்கு என்று தலையாட்டினாள்.

"இல்ல" என்றார் அவர். "கடைசியில ரெண்டு மில்லி ஏறிடுச்சு."

"அப்படிச் சொல்லுங்க" என்று சொல்லி, அக்கா பேனாவை அவரிடம் நீட்டினாள்.